செங்கண்மாரி எல்லாம் ஒன்றல்ல



ஹஜ்ஜுப் பெருநாளில் உழ்ஹிய்யாப் பிராணியை உரித்துத் துண்டு போடுகிறவரின் கையைக் கவனித்திருப்பீர்கள். தொடையைப் பிரிக்கும்போது விறுவிறுவென்று ஓடும் கத்தி, ஈரலுக்கு வந்தவுடன் நிதானமாகிவிடும். ஈரலின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பச்சை நிறப் பையை உடையாமல், ஒரு துளியும் சிந்தாமல் எடுத்து அப்பால் வைத்த பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். உடைந்துவிட்டால் ஈரல் கசந்துபோகும். வீட்டுக்காரியின் முகமும் கசந்துபோகும்! அறுத்த பிராணியில் உண்ணத் தகாதவை என்று ஹனஃபி மத்ஹபு நூல்கள் எண்ணிச் சொல்லும் ஏழு பொருட்களில் அந்தப் பையும் ஒன்று.

அதே பை நம் ஒவ்வொருவருடைய வயிற்றிலும் இருக்கிறது. வலப்பக்க விலாவெலும்புகளுக்குக் கீழே, ஈரலின் அடிப்புறத்தில், ஒரு சிறிய கத்தரிக்காய் அளவில், ஏழு முதல் பத்து சென்டிமீற்றர் நீளத்தில் தொங்குகிறது. அரபு மொழியில் அதற்கு 'மராரா' என்று பெயர். 'முர்ரு' என்றால் கசப்பு. அதிலிருந்து பிறந்த சொல் இது. அதற்குள் இருக்கும் மஞ்சள் பித்தத்தைப் பழைய ஹகீம்கள் 'ஸஃப்ரா' என்றார்கள். சூரத்துல் பகராவிலே பனூ இஸ்ராயீல்கள் அறுக்கும்படி ஏவப்பட்ட அந்தப் பசுவின் நிறத்தைக் குறிக்க வருகிறதே, அதே சொல்தான். மஞ்சள் நிறமுடையது என்பது பொருள்.

நம் வீடுகளிலோ 'பித்தம்' என்ற சொல் படாத பாடு படுகிறது. காலையில் தலை சுற்றினாலும் பித்தம், வாய் கசந்தாலும் பித்தம், மருமகள் ஒருநாள் கோபமாகப் பேசினாலும் பித்தம் தலைக்கேறிவிட்டது! இவற்றில் பெரும்பாலானவற்றுக்கும் அந்தப் பைக்கும் சம்பந்தமில்லை. உண்மையாகவே அந்தப் பையில் கோளாறு வந்து வலிக்கும்போது நாம் அதைப் பித்தம் என்று சொல்வதில்லை, 'கேஸ்ட்ரிக்' என்கிறோம். கண் மஞ்சளாகிவிட்டால் 'செங்கண்மாரி' என்று ஒரே பெயரை வைத்து, ஒரே மருந்தைத் தேடிப் போகிறோம். இதனால் உயிர்கள் போகின்றன என்பதால்தான் இந்தக் கட்டுரை.

கல் எப்படி உண்டாகிறது?

ஈரல் ஒரு நாளைக்கு அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. நாம் சாப்பிடாத நேரத்தில் அது பித்தப்பையில் போய்ச் சேர்ந்து, நீர்த்தன்மை குறைந்து தடிப்பாகிறது. பை பிடிப்பதோ முப்பது முதல் ஐம்பது மில்லிலீற்றர்தான். கொழுப்புள்ள உணவு சிறுகுடலுக்குள் நுழைந்தவுடன், குடல் ஒரு ஹோர்மோன் மூலம் சேதி அனுப்புகிறது. பை சுருங்குகிறது, பித்தநீர் நாளத்தின் வழியே குடலுக்குள் இறங்கி, சவர்க்காரம் எண்ணெயைக் கரைப்பதுபோல் கொழுப்பைக் கரைக்கிறது. இத்தனையும் நமக்குத் தெரியாமலே ஒவ்வொரு வேளையும் நடக்கிறது, சுப்ஹானல்லாஹ்.

அந்த நீரில் கொலஸ்ட்ரோல் அளவுக்கு மிஞ்சினாலோ, பை சரியாகச் சுருங்காமல் நீர் தேங்கினாலோ, முதலில் சேறுபோலப் படிந்து பிறகு கல்லாகிறது. இரத்தத்தின் சிவப்பணுக்கள் அளவுக்கு மேல் அழியும் நோய்களில் வேறொரு கல், கறுப்பாக, உண்டாகிறது. தலசீமியா நோயுள்ள பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே பித்தக்கல் வருவது இதனால்தான். குருநாகல் தலசீமியா நிலையத்துக்குப் பிள்ளையைக் கொண்டுபோகிற தாய்மார் இதை அறிந்து வைத்திருப்பது நல்லது. அத்தகைய பிள்ளை வயிற்றுவலி என்று அழுதால், பூச்சி என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

ஆண்களைவிடப் பெண்களுக்கே பித்தக்கல் அதிகம். பிள்ளைகள் பல பெற்றவர்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், உடல் பருத்தவர்கள், தாய்க்கோ சகோதரிக்கோ கல் இருந்தவர்கள் ஆகியோருக்குக் கூடுதலாக வரும். கர்ப்ப காலத்தில் பை சோம்பலாகச் சுருங்குவதால் அப்போதும் படிவு உண்டாகலாம். மெலிய வேண்டும் என்று பட்டினி கிடந்து குறுகிய காலத்தில் பத்துப் பதினைந்து கிலோ குறைப்பவர்களுக்கும் வரும். ஆக, நம் குடும்பங்களில் இந்த நோய்க்கு மிகப் பொருத்தமான ஆள் யாரென்றால், எல்லோருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற நமது உம்மாமார்தான். தன் வலியை வெளியே சொல்லாதவரும் அவரேதான்.

கல் இருந்தாலே ஆபத்து என்று நடுங்கவும் வேண்டாம். கல் உள்ளவர்களில் பெரும்பாலோர், ஏறக்குறைய ஐந்தில் நால்வர், அது இருப்பதே தெரியாமல் வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில் கல் தெரிந்தது, ஆனால் ஒரு நாளும் வலித்ததில்லை என்றால், டொக்டர்கள் பொதுவாக அதைத் தொடுவதில்லை.

கேஸ்ட்ரிக் என்ற போர்வை

பித்தக்கல் வலிக்கு ஒரு குணம் உண்டு. கொழுப்புள்ள சாப்பாட்டுக்குப் பிறகு, பெரும்பாலும் இரவில், நெஞ்சுக்குழியிலோ வலது விலாவின் கீழோ தொடங்கும். அரைமணி நேரத்துக்குக் குறையாமல், சில வேளை நாலைந்து மணி நேரம் நிற்கும். முதுகுக்கும் வலது தோள்பட்டையின் அடிக்கும் ஓடும். புரண்டு படுத்தாலும் ஏப்பம் விட்டாலும் இஞ்சிப் பிளேன்டீ குடித்தாலும் அசையாது. பிறகு தானாகவே விட்டுவிடும். மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். இதுதான் ஏமாற்று! பார்மஸியில் வாங்கிய கேஸ்ட்ரிக் குளிசையே குணமாக்கியது என்று நினைத்து, அதே குளிசையை வருடக் கணக்கில் விழுங்கிக் கொண்டிருப்பவர்கள் எத்தனையோ பேர்.

ரமழான் மாதத்தில் இதைத் தெளிவாகக் காணலாம். பகல் முழுவதும் வயிறு காலியாக இருக்க, பித்தநீர் பையில் தேங்கித் தடிக்கிறது. மஃரிபு பாங்கு சொன்னவுடன் கஞ்சியோடு நிறுத்துகிறோமா? சமோசா, ரோல்ஸ், கட்லட் என்று எண்ணெயில் பொரித்தவை ஒன்றன்பின் ஒன்றாக இறங்குகின்றன. பை ஒரேயடியாகச் சுருங்குகிறது. கல் வாயிலில் போய் இறுகுகிறது. தராவீஹில் நிற்கும்போது நெஞ்சுக்குழியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிற தாயைப் பார்த்து "நோன்புக் களைப்பு" என்கிறோம். நோன்பின் மேல் பழி; குற்றவாளியோ தாச்சியில் பொரிந்துகொண்டிருக்கிறான். (நெஞ்சுவலியோடு வியர்வையும் மூச்சுத்திணறலும் இருந்தால் அது மாரடைப்பாகவும் இருக்கலாம். அப்போது எந்த ஆராய்ச்சியும் செய்யாமல் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.)

வலி ஆறு மணி நேரத்துக்கு மேல் விடாமல் நின்று, காய்ச்சலும் சேர்ந்து, வலது விலாவின் கீழ் கை வைத்தால் மூச்சை உள்ளே இழுக்க முடியாமற் போனால், பித்தப்பை அழற்சி கண்டுவிட்டது என்று பொருள். அது வீட்டில் வைத்துப் பார்க்கிற நோயல்ல.

புளியங்குளம் சந்தியில்

இனிச் செங்கண்மாரிக்கு வருவோம். வன்னியில் புளியங்குளம் என்றவுடன், வவுனியா நகரையொட்டி நம்மவர்கள் வாழும் பட்டாணிச்சிப்புளியங்குளத்தைச் சிலர் நினைப்பார்கள். நான் சொல்வது அதையல்ல. ஓமந்தையைத் தாண்டி ஏ-9 வீதியில் வடக்கே போனால் வரும் சந்தி. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவுக்குப் போகும் வீதி அங்கேதான் கிழக்கே பிரிகிறது. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் பக்கம் போய், பின்னர் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் மீளக் குடியேறிய நம் மக்கள் அவ்வீதியை நன்கறிவார்கள்.

ஒருநாள் அந்தச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது ஒரு குடும்பத்தைக் கண்டேன். தாய்க்கு ஐம்பது வயது இருக்கலாம். கண் இரண்டும் மஞ்சள். மகன் கையில் ஒரு போத்தல் தண்ணீரை வைத்துக்கொண்டு, என் தொப்பியையும் தாடியையும் பார்த்து, ஓதித் தரும்படி கேட்டார். காட்டுப் பக்கத்தில் ஒருவர் செங்கண்மாரியை "இறக்குவார்" என்று கேள்விப்பட்டு வந்திருக்கிறார்கள். ஒன்பது நாளாகக் கீழ்க்காய்நெல்லிச் சாறு கொடுத்தாயிற்று. நான் ஓதி ஊதிக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு மகனைத் தனியே அழைத்து மூன்று கேள்விகள் கேட்டேன். மலம் என்ன நிறம்? வெளுத்துப் போய்ச் சாம்பல்போல் இருக்கிறதாம். உடம்பு அரிக்கிறதா? இரவெல்லாம் சொறிகிறாராம். குளிரும் நடுக்கமும் வருகிறதா? நேற்றிலிருந்து போர்வை போர்த்தியும் நடுங்குகிறாராம்.

ஸ்கேன் இயந்திரம் செய்ய வேண்டிய வேலையை மௌலவி செய்ய முடியாது. ஆனால் இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த டொக்டரும் என்ன சொல்வார் என்பதை நான் அறிவேன். வடக்கே போகவிருந்தவர்களைத் தெற்கே திருப்பி, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். பித்தநாளத்தில் கல் அடைத்திருந்தது. அதற்கு மேலே கிருமி பெருகி இரத்தத்தில் கலக்கத் தொடங்கியிருந்தது. அங்கிருந்து பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பிக் கல்லை எடுத்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், அந்தத் தாய் பிழைத்துக் கொண்டார்.

செங்கண்மாரி என்பது நோயின் பெயரல்ல, அடையாளம். பல நோய்கள் அந்த ஒரே மஞ்சள் சட்டையை அணிந்துகொண்டு வருகின்றன. 2009 இல் யுத்தம் முடிந்து இலட்சக்கணக்கானோர் செட்டிகுளம் முகாம்களில் நெருங்கிக் கிடந்தபோது வவுனியாவில் பரவிய செங்கண்மாரி, அசுத்தமான நீரும் உணவும் கொண்டுவந்த ஹெப்படைட்டிஸ் ஏ வைரஸால் வந்தது. வயல் வேலை செய்பவருக்குக் காய்ச்சலோடும் கெண்டைக்கால் வலியோடும் கண் சிவந்து பிறகு மஞ்சளானால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். முன்பெல்லாம் வன்னியில் மலேரியாவும் இப்படி வரும். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழிந்த நாடென்று அறிவித்துவிட்டது. ஹெப்படைட்டிஸ் ஏ பெரும்பாலும் ஓய்வினால் தானாக மாறும். எலிக்காய்ச்சலுக்கு அன்றே மருந்து தொடங்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் வேறாக நிற்பது நாளம் அடைபட்டு வரும் செங்கண்மாரி. அதில் பித்தநீர் குடலுக்கு இறங்க வழியில்லாமல் இரத்தத்துக்குத் திரும்புகிறது. மலத்துக்கு நிறம் கொடுப்பது பித்தநீர். அது போய்ச் சேராததால் மலம் வெளுக்கிறது. சிறுநீரோ பிளேன்டீ நிறத்துக்குக் கறுக்கிறது. தோல் அரிக்கிறது. சிறுநீர் கறுப்பதும் சில நாள் மலம் வெளுப்பதும் வைரஸ் நோயிலும் வரலாம் என்பதால், எது எதுவென்று முடிவு செய்ய இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும்.

இது மேல்நாட்டார் புதிதாகக் கண்டுபிடித்த வேறுபாடும் அல்ல. இப்னு ஸீனாவின் 'அல்கானூன்' வழிவந்த யூனானி வைத்தியத்தில் செங்கண்மாரிக்கு 'யரகான்' என்று பெயர். அதில் நாளம் அடைபட்டு வருவதை 'யரகான் ஸுத்தீ' என்று தனியாகப் பிரித்திருக்கிறார்கள். 'ஸுத்தா' என்றால் அடைப்பு. வன்னி வாசகர்களுக்கு அடைப்பு என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை. 1997 இல் புளியங்குளத்தில் மாதக் கணக்கில் சண்டை நடந்தபோதும், 2002 இல் திறந்த ஏ-9 வீதி 2006 இல் மறுபடி மூடப்பட்டபோதும், வீதி அடைபட்டால் அதற்கு மேலே இருப்பவர்கள் படும் பாட்டைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். ஈரலின் நிலையும் அதுதான்.

கீழ்க்காய்நெல்லியை நான் பழிக்கவில்லை. 1988 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டொக்டர் தியாகராஜனும் குழுவினரும், நீண்டகால ஹெப்படைட்டிஸ் பீ கிருமி உடையவர்களுக்கு அதைக் கொடுத்துச் செய்த ஆய்வை 'லான்செட்' என்ற புகழ்பெற்ற மருத்துவ ஏட்டில் வெளியிட்டார்கள். மூலிகை உட்கொண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது என்ற செய்தி உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. பிற நாடுகளில் பின்னர் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த விவாதம் எப்படியும் போகட்டும். அது வைரஸைப் பற்றிய விவாதம். நாளத்தில் இறுகிய கல்லை எந்த இலைச்சாறும் தள்ளிவிடாது.

மஞ்சளைக் கையிலிருந்து "இறக்கி"க் காட்டுகிறார்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். மாமரப் பட்டைச் சாற்றைக் கையில் தடவி, சுண்ணாம்பு நீரில் கழுவினால் தண்ணீர் மஞ்சளாகும். நோயில்லாத உங்கள் கையைக் கழுவினாலும் மஞ்சளாகும். வீட்டிலேயே செய்து பாருங்கள்.

நடுக்கம் வந்தால் நாளைக்கென்று வைக்காதீர்கள்

வலது மேல்வயிற்றில் வலி, நடுக்கத்தோடு காய்ச்சல், கண்ணில் மஞ்சள். இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து 1877 இலேயே பிரான்ஸ் நாட்டு டொக்டர் ஷார்கோ எழுதி வைத்தார். இன்றும் மருத்துவ மாணவர்கள் அவர் பெயராலேயே அதைப் படிக்கிறார்கள். அடைபட்ட பித்தநாளத்தில் கிருமி பெருகிவிட்டது என்பதற்கு அடையாளம் இது. கதை மணிக்கணக்கில் முடிந்துவிடக் கூடும். பேச்சுத் தடுமாறி மயக்கமும் வந்துவிட்டால் மிகவும் கடுமை. நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள். பிறகு வாய் வழியாகக் குழாய்க் கமெரா ஒன்றைச் சிறுகுடல் வரை செலுத்தி, நாளத்தின் வாயைச் சற்று வெட்டி அகலப்படுத்திக் கல்லை இழுத்தெடுப்பார்கள். ஈ.ஆர்.சி.பி. என்று இதற்குப் பெயர். 1974 இல் ஜப்பானிலும் ஜெர்மனியிலும் கல்லெடுக்கும் இம்முறை தொடங்கியது. எல்லா வைத்தியசாலைகளிலும் இவ்வசதி இல்லை. ஆகவேதான் பிந்திப் போகிறவர், அங்கிருந்து இன்னொரு வைத்தியசாலைக்கு அனுப்பப்படும் நேரத்தையும் சேர்த்து இழக்கிறார்.

வயது முதிர்ந்த ஒருவர் வலியே இல்லாமல் மஞ்சளாகி, உடம்பும் மெலிந்துகொண்டு வந்தால், அது நாளத்திலோ கணையத்திலோ வரும் புற்றுநோயாக இருக்கலாம். வலியில்லையே என்று பொறுத்திருக்கலாகாது.

பித்தநாளம் எவ்வளவு மென்மையானது என்பதற்கு ஒரு சரித்திரம் சொல்கிறேன். 1953 ஏப்ரலில், அப்போது பிரித்தானிய வெளிநாட்டமைச்சராக இருந்த அந்தனி ஈடனுக்கு லண்டனில் பித்தப்பை ஒபரேஷன் நடந்தது. அதில் பித்தநாளம் சேதப்பட்டுவிட்டது. மறுபடி அறுத்தார்கள், சரிவரவில்லை. அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்குப் போய் மூன்றாம் முறை அறுத்துச் சீராக்கினார்கள். ஆயினும் காய்ச்சல் அவரை விடவில்லை. அவர் பிரதமராகிய பிறகு, 1956 ஜூலை 26 ஆம் திகதி எகிப்தின் ஜமால் அப்துல் நாஸர் சுயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கினார். அந்நெருக்கடியின் நடுவே ஒக்டோபர் தொடக்கத்தில் ஈடனுக்கு 106 பாகைக் காய்ச்சல் அடித்தது. சில வாரங்களில் எகிப்தின் மேல் படையெடுப்பு; உலகமே எதிர்க்கப் பின்வாங்கல்; 1957 ஜனவரியில் உடல்நிலையைக் காரணம் காட்டிப் பதவி துறந்தார். ஒரு சாம்ராச்சியத்தின் சரிவுக்குப் பித்தநாளந்தான் காரணம் என்று சொல்ல நான் சரித்திர ஆசிரியனல்லன். ஆனால் எகிப்திய மக்கள் மேல் குண்டு விழுந்த நாட்களில், முடிவெடுக்கிற இடத்தில் இருந்தவருடைய உடம்பு அந்த நிலையில் இருந்தது.

ஒபரேஷன் என்றால் பயம்

இதைப் படித்துவிட்டு "அதுதான் நாங்கள் ஒபரேஷனுக்குப் போவதில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். நாளம் சேதப்படுவது இன்று ஆயிரம் பேரில் ஒருவர் முதல் ஐந்து பேர் வரைதான். பித்தப்பையை முதன்முதலில் வெட்டி எடுத்தவர் பெர்லின் நகர டொக்டர் கார்ல் லங்கன்பூக், 1882 ஜூலை 15 ஆம் திகதி. நோயாளிக்கு வயது 43. பதினாறு வருடம் வலியில் கிடந்தவர், பிழைத்தார். அதன் பிறகு நூறு வருடம் வயிற்றை அகலக் கிழித்தே எடுத்தார்கள். 1985 இல் ஜெர்மனியரான எரிக் மூஹே சிறு துளைகள் வழியாகக் கருவிகளை விட்டு எடுத்துக் காட்டியபோது, அவருடைய நாட்டுச் சத்திரசிகிச்சை நிபுணர்களே அவரை எள்ளி நகையாடினார்கள். 1992 இல் அதே சங்கம் அவருக்கு விருது கொடுத்தது! இந்தியாவில் 1990 இல் மும்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டொக்டர் உத்வாடியா அதைத் தொடக்கி வைத்தார். ஏழைகள் வருகிற அரசாங்க ஆஸ்பத்திரியில் அவர் அதைச் செய்து காட்டியதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். இன்று மூன்று நான்கு சிறு துளைகள். சிக்கல் இல்லையென்றால் ஓரிரு நாளில் வீட்டுக்கு வரலாம்.

பை இல்லாமல் வாழ முடியுமா என்று கேட்பார்கள். முடியும். பித்தநீரைச் சுரப்பது ஈரல். பை வெறும் தொட்டி. தொட்டி போனால் நீர் நேரே குடலுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். சிலருக்குச் சில காலம் வயிறு இளகும், அவ்வளவுதான். கல்லை மட்டும் எடுத்துப் பையை விட்டால் என்ன என்றும் கேட்பார்கள். விட்ட பையில் மறுபடி கல் வரும்.

கைப்பேசியில் வலம் வருகிற ஒரு வைத்தியம் உண்டு: ஒலிவ் எண்ணெயையும் எலுமிச்சஞ்சாற்றையும் குடித்தால் மறுநாள் பச்சைப் பச்சையாகக் கற்கள் மலத்தோடு விழும் என்பது. ஒலிவம் பரக்கத்தான மரம், ஐயமில்லை. ஆனால் அப்படி விழுந்த "கற்களை" நியூசிலாந்தில் ஆராய்ந்து 2005 இல் வெளியிட்டார்கள். குடித்த எண்ணெயும் சாறும் வயிற்றில் சேர்ந்து திரண்ட சவர்க்கார உருண்டைகளாம் அவை. உண்மைக் கல் பையிலேயே இருந்தது.

மார்க்கத்தின் பெயரால் தயங்குகிறவர்களுக்கு

வைத்தியம் செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புறத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியதை உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். ஓதிப் பார்ப்பதும் ஸுன்னத்தில் உள்ளதே. ஓதுவது ஒரு கையில், வைத்தியசாலைத் துண்டு மறு கையில் இருக்கட்டும். ஓதித் தருகிறேன், ஆஸ்பத்திரிக்குப் போகாதே என்று ஒருவர் சொன்னால் அவரிடம் மறுபடி போகாதீர்கள். அவர் மௌலவியாக இருந்தாலும் சரியே.

ஆண் டொக்டர் பார்ப்பதா என்று மனைவியைத் தடுத்து வைக்கிற கணவன்மாரும் உண்டு. தேர்ந்த பெண் டொக்டர் கிடைத்தால் அவரிடமே காட்ட வேண்டும். கிடைக்காதபோது, தேவையான இடத்தை மட்டும் தேவையான அளவுக்கு, மஹ்ரமோ நம்பிக்கையான இன்னொரு பெண்ணோ உடனிருக்க, ஆண் டொக்டர் பார்ப்பதை நமது ஷாஃபிஈ மத்ஹபு நூல்கள் தெளிவாக அனுமதிக்கின்றன. வயிற்றில் பழுப்பு வைத்துக் கிடக்கும் பெண்ணைப் பெண் டொக்டர் வரும்வரை காத்திருக்கச் சொல்வது பேணுதல் ஆகாது.

நோன்பு பற்றி ஒரு வார்த்தை. வலி வந்து வந்து போகிறவர், ரமழானுக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே ஸ்கேன் எடுத்து டொக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். நோன்பு பிடிக்க வேண்டாம் என்றால் விட்டுவிட்டுப் பிறகு கழாச் செய்யலாம். நோயாளிக்கு அல்லாஹு தஆலாவே கொடுத்த சலுகை அது. அதை ஏற்பதில் வெட்கமில்லை. பை எடுத்துக் காயம் ஆறியவர்கள் டொக்டரின் சம்மதத்தோடு வழமைபோல் நோற்கலாம்.

நாற்பது நாள் பிள்ளை

கடைசியாக, பிள்ளை பெற்ற வீடுகளுக்கு. பிறந்த குழந்தைக்கு மூன்றாம் நாளளவில் மஞ்சள் பூப்பது சாதாரணம். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் போய்விடும். போகாவிட்டால் நாம் என்ன செய்கிறோம்? "வெயிலில் காட்டு" என்கிறார் மாமி. "நாற்பது கழியாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது" என்கிறார் மூத்தம்மா. பத்தாயிரக் கணக்கில் ஒரு குழந்தை, பித்தநாளம் அடைபட்ட நிலையில் இருக்கும். பால் குடிக்கும், சிரிக்கும், நிறையும் ஏறும். ஆனால் மலம் மட்டும் மஞ்சளாக இல்லாமல், அரிசிமா பிசைந்ததுபோல் வெளுத்திருக்கும். நிறமற்றிருக்க வேண்டிய சிறுநீர் துணியில் மஞ்சள் கறை போடும்.

ஜப்பானிய டொக்டர் மொரியோ கசாய் 1950களில் இதற்கு ஒரு சத்திரசிகிச்சையை வகுத்தார். ஈரலின் வாயிலில் குடலின் ஒரு பகுதியை நேரே கொண்டுபோய்ப் பொருத்துவது அது. பிறந்து அறுபது நாளுக்குள் செய்தால் பலன் கூடுதல். பிந்தப் பிந்த ஈரல் இறுகிப்போகும், பிறகு மாற்று ஈரல் ஒன்றைத் தவிர வழியிராது. தாய்வானில் 2004 முதல் எல்லாத் தாய்மாருக்கும் மலத்தின் நிறங்கள் அச்சிட்ட அட்டையைக் கொடுத்து, தினமும் ஒப்பிட்டுப் பார்க்கச் செய்ததால், முன்னைவிட அதிகமான குழந்தைகளுக்கு அறுபது நாளுக்குள் சிகிச்சை கிடைத்தது.

நாற்பது நாள் என்பது தாயின் நிஃபாஸ் கால உச்சவரம்பாகச் சில இமாம்கள் கூறியதிலிருந்து வழக்கமாகி வந்தது. நமது மத்ஹபில் உச்சவரம்பு அறுபது. அதுவும் தாயின் தொழுகை, நோன்பு சம்பந்தப்பட்ட சட்டம். குழந்தையை டொக்டரிடம் கொண்டுபோவதை அது ஒருநாளும் தடுக்கவில்லை. பதினான்கு நாள் கழிந்தும் மஞ்சள் இருந்தால், வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் மலத் துணியைக் காட்டுங்கள். வைத்தியசாலைக்குப் போகும்போதும் அந்தத் துணியைக் கழுவாமல் எடுத்துச் செல்லுங்கள். மொத்த பிலிருபினோடு 'நேரடி பிலிருபின்' எவ்வளவு என்றும் இரத்தத்தில் பார்க்கும்படி கேளுங்கள்.